பெண்கள் பக்கத்துப் பூட்டு

பேருந்துகள் எங்கே நிற்கின்றன, ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதத்தான் போனேன்.

ஈப்போவில் பிறந்து, கோலாலம்பூரில் நகரத் திட்டமிடல் படித்தவள் நான். எண்பதுகளின் பிற்பகுதியில் எனக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டு வேலை அது. மெட்ராஸுக்கு மேற்கே தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த ஊர்ப் பக்கம் இரண்டு வாரம் தங்கி, ஒரு பேருந்து நிலையத்தைக் காலை முதல் மாலை வரை கவனிக்க வேண்டும். "கூட்டத்தைத் தண்ணீர் மாதிரி பார். எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது, அவ்வளவுதான்" என்று என் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. பூந்தமல்லியிலிருந்து அதிக தூரமில்லை, நெடுஞ்சாலையை ஒட்டியது. அதற்கு மேல் வேண்டாம். இதில் வருகிறவர்கள் சிலர் இன்னமும் அங்கேதான் பிழைக்கிறார்கள்.

தங்கியது ஆவடியில், சேக்காட்டுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில். ராஜாமணி அக்கா என் அப்பாவின் சித்தப்பா பேத்தி. சேலத்துக்காரி. அவர் கணவர் துரைசாமி மாமாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், வேப்பமரங்கள், சங்கு ஊதினால் சைக்கிள்களின் கூட்டம். மாலையில் பெண்கள் அந்தச் சுற்றுச்சுவருக்குள் கைவீசி நடந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் அதே பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தார்கள். முதல் நாளே அது என் கண்ணில் பட்டது. ஆனால் நான் பேருந்துகளைப் பார்க்க வந்தவள்.

மறுநாள் காலை, அக்கா அவித்த இட்லியும் வெங்காயச் சட்னியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில் பேருந்தின் டயர் பஞ்சர். ஆண்கள் இறங்கி எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் பேருந்தின் நிழலில், நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து, நின்றுகொண்டே இருந்தார்கள். ஈப்போவில் இப்படி ஆகியிருந்தால் எல்லோரும் கோப்பிக் கடைக்குள் நுழைந்திருப்போம். இங்கே நான் மட்டும் போய் டீ வாங்கினேன். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். இருந்தாலும் குடித்து முடித்தேன். வீம்புதான். நிலையத்துக்கு வந்ததும் வெயிலுக்கு ஓர் இளநீர் வேறு.

மத்தியானத்துக்குள் அந்த வீம்புக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது.

நிலையத்தின் கோடியில் கழிப்பறைக் கட்டடம் இருந்தது. ஒரு பக்கம் மீசை வைத்த ஆண் முகம், மறுபக்கம் பொட்டு வைத்த பெண் முகம் வரைந்திருந்தார்கள். ஆண் முகத்தின் கீழே கூட்டம் போவதும் வருவதுமாக இருந்தது. பெண் முகத்தின் கீழே இரும்புப் பூட்டு, துருப்பிடித்த கதவு.

ஆண்கள் பக்கத்து வாசலில் மேசை போட்டுக் காசு வாங்கிக்கொண்டிருந்தவன் பெயர் மாரி. ஒல்லியான ஆள், காதில் பீடி.

"லேடீஸ் யாரும் வர்றதில்ல மேடம். அதான் பூட்டிக்கிறோம்" என்றான்.

"பூட்டியிருந்தால் எப்படி வருவார்கள்?"

"அதான் சொல்றேனே, வர்றதில்ல."

நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றபோது, சுவரோரம் கூடையில் கதம்பம் வைத்து விற்றுக்கொண்டிருந்த பெண்மணி கூப்பிட்டாள். நாற்பது வயதிருக்கும். பெயர் தேசம்மா. மாங்காட்டுப் பக்கத்திலிருந்து தினமும் பூ எடுத்து வருகிறவள் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா, அங்கியே நின்னுகினுகீற? அத்தத் தொறக்க மாட்டாங்க. நா இங்க கடை போட்ட நாள்லேர்ந்து பூட்டுதான். உள்ள சக்கர மூட்டையும் சோடாப் பொட்டியும் அடுக்கி வெச்சிகிறாங்க."

"நீங்கள் எல்லாம் எங்கே போவீர்கள்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வா" என்று எழுந்தாள். கூடையைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் ஒப்படைத்தாள். மகள் கௌரி, ஏழு மாத வயிற்றோடு, எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தாள்.

நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். மணல் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஒரு லாரி ஷெட். அதன் பின்சுவருக்கும் முள்வேலிக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடுக்கு. தேசம்மா வாசலில் முதுகைக் காட்டி, முந்தானையை விரித்துப் பிடித்து நின்றாள்.

"சீக்கிரம் ஆவட்டும்."

சுவருக்கு மேலே யாரோ ஏறும் சத்தம் கேட்டது. ஒரு சீட்டி. பிறகு சிரிப்பு. ஒரு சிறு கல் எனக்கு முன்னால் வந்து விழுந்தது. உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ஓடவும் முடியாது. தேசம்மா அந்தப் பக்கம் பார்த்துக் கத்திய வார்த்தைகளை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்போது ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு கட்டைக் குரல் தெலுங்கில் அதட்டியது. சுவரில் இருந்தவர்கள் குதித்து இறங்கினார்கள்.

"இன்னா சொன்னார்?" என்று, சாலைக்கு வந்த பிறகு கேட்டேன். அவள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"'ஏறிப் பாக்குறதுக்கு உங்க ஊட்ல ஆள் இல்லியாடா'ன்னு கேட்டாரு. ஆந்திரா டிரைவரு. அந்த ஆளு இருக்குற நாளு தேவலாம். எல்லா நாளும் இருக்க மாட்டாரே."

அடுத்த நாள் நான் பேருந்துகளைப் பார்க்கவில்லை. பெண்களைப் பார்த்தேன். ஆண்கள் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள், காலை நீட்டிச் செய்தித்தாள் படித்தார்கள். பெண்கள் தூணை ஒட்டியே நின்றார்கள். பழம் விற்கிறவள், பூ விற்கிறவள், கீரைக்காரி யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. மதியம் தேசம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, கருவாடு போட்ட கத்திரிக்காய்க் குழம்பும் சோறும் எனக்கும் ஒரு பங்கு வைத்தாள். காரத்தில் கண்ணில் நீர் வந்தது. அப்படி ஒரு ருசி. கௌரியும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள். ஒரு சொட்டு விழுங்கவில்லை.

"குடிம்மா, இவ்வளவு வெயில்" என்றேன்.

"ஊட்டுக்குப் போய் குடிச்சிக்குறேங்கா." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இந்த ஒடம்போட ரோட்ட தாண்ட முடியல. அன்னிக்கு ஒரு வண்டி உரசிட்டுப் போச்சு."

நேராக நேரக் காப்பாளர் அறைக்குப் போனேன். பூட்டைப் பற்றிக் கேட்டேன். "அது கான்ட்ராக்ட் விட்டது. எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார். அவர் கை மட்டும் தன் வேலையாக மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நான் வெளியே வருவதற்குள் செய்தி போய்விட்டது போலும். கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். மாரி எழுந்து நின்றான்.

"மலேசியாலேர்ந்து வந்துகீறீங்களாமே" என்று கான்ட்ராக்டர் சிரித்தார். "நல்லா ஊரச் சுத்திப் பாருங்க. ஆவடி குவார்ட்டர்ஸ்லதானே தங்கிகீறீங்க? எந்த ஊடுன்னுகூட நம்ம பசங்க சொன்னாங்க. பத்திரமா போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. திரும்பும் பேருந்தில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு முன்பே விஷயம் வீட்டுக்கு வந்திருந்தது. யாரோ இரண்டு பேர் வந்து, மாமாவின் பெயரையும் அவர் வேலை செய்யும் பிரிவையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத" என்றார் மாமா. அவர் நல்ல மனிதர். அன்று என் கண்ணைப் பார்க்கவில்லை. "நான் வேல பாக்கறது எந்த மாதிரி எடம்னு தெரியும். வெளிநாட்டுக்காரங்களத் தங்க வெச்சிருக்கேன்னு ஏற்கனவே எழுதிக் குடுத்திருக்கேன். ஒரு மொட்டப் பெட்டிஷன் போனாப் போதும். வேற பஸ் ஸ்டாண்டு பாத்துக்கயேன்."

சமையலறைக்குள் நான் போனதும் அக்கா மாவைப் பிசைந்துகொண்டே மெதுவாகப் பேசினார். "ஊருக்குப் போற நாள்னா, அதுக்கு முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்தே நான் தண்ணி குடிக்கறதில்ல கண்ணு. சேலம் போய்ச் சேர்றதுக்குள்ள தல சுத்தும். இதெல்லாம் யார்கிட்ட சொல்றது?"

அதைக் கேட்டபோது என் அம்மா நினைவுக்கு வந்தார். கித்தா என்கிற ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கழிப்பறை கோடியில் இருந்தது. விடிவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு சேர்ந்து போய் வருவார். அதை நான் சிறு வயதில் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

மாமாவுக்காக மறுநாள் அம்பத்தூருக்குப் போனேன். மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி. துணி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இடித்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு, ஒருத்தி தலையில் இன்னொருத்தி பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். நானும் சிரித்தேன். ரயில் நின்றது. பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் அத்தனை குரலும் அடங்கிவிட்டது. தலையைக் குனிந்து கும்பலாக நடந்தார்கள். அதற்கு மேல் அம்பத்தூரில் எனக்கு மனம் நிற்கவில்லை. மறுநாள் மாமாவிடம் சொல்லிவிட்டே பழைய நிலையத்துக்குப் போனேன். அவர் தடுக்கவில்லை.

"இன்னா, பயந்துகினியா?" என்றாள் தேசம்மா.

"ஆமாம்."

"நானும்தான் பயந்துகினுகீறேன். ஒக்காரு."

கௌரி அன்று சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பல் கிட்ட ஆரம்பித்தது. அந்தக் கொளுத்துகிற வெயிலில் குளிர் நடுக்கம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். நெற்றியைத் தொட்ட தேசம்மா கையை உதறினாள், சுட்டதுபோல.

ஓர் ஆட்டோவைப் பிடித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஏதோ கட்சி ஊர்வலம். சாலை முழுக்கக் கொடிகள், மேளம், லாரிகளில் ஆட்கள். ஆட்டோ நின்றது. நின்றது மட்டுமல்ல, அணைந்தும் போனது. டிரைவர் இழுத்து இழுத்துப் பார்த்தார், ஸ்டார்ட் ஆகவில்லை. கௌரி என் மணிக்கட்டை நசுக்கிப் பிடித்திருந்தாள். "அம்மா, வயிறு இறுக்குதும்மா" என்று அவள் சொன்னபோது தேசம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

தேசம்மா இறங்கி ஆட்டோவைத் தள்ளத் தொடங்கினாள். நானும் இறங்கினேன். செருப்பு எங்கோ கழன்று போயிற்று. கூட்டத்துக்குள் ஒருவரும் நகரவில்லை. அப்போது காக்கி உடுப்பில் ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. லத்தியைக் குறுக்காகப் பிடித்து, "வழி உடு, வழி உடு" என்று கத்திக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஓடினார். ஊர்வலத்தின் நடுவே ஒரு பிளவு உண்டாயிற்று. சந்துக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா களைத்துப்போய் இருந்தார். கௌரியைச் சோதித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சீறினார். "சிறுநீர்ப் பாதைல கடுமையான இன்ஃபெக்‌ஷன். ரொம்ப நாளா இருந்திருக்கு. காய்ச்சல் இறங்கலைன்னா பிரசவ வலி எடுத்துரும். ஏழாம் மாசம் இது. அப்புறம் நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது. ஏம்மா, நீ தண்ணியே குடிக்கறதில்லையா?"

"குடிச்சா போவணுமே, டாக்டரம்மா" என்றாள் கௌரி.

டாக்டரம்மா ஊசி மருந்தை எடுக்கத் திரும்பினார்.

மறுநாள் காலை கௌரிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அவள் கணவன் கூட இருந்தான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து நிலையத்துக்குப் போனேன். தேசம்மா அங்கே நின்றிருந்தாள். பூக்கூடை கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு தன் இடத்தில் நின்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்மா" என்று பழக்கடைக்காரியைக் கூப்பிட்டாள். "பெரிய படிக்கல்லக் குடு."

பத்மா மறுபேச்சுப் பேசாமல் தராசுத் தட்டிலிருந்த இரும்புக் கல்லை எடுத்துக் கொடுத்தாள்.

மாரி மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். "தேசம்மா, வாணாம்! அண்ணாத்தே என்னத் தொலைச்சிருவாரு!"

"போய்ச் சொல்லு போ."

முதல் அடியில் பூட்டு குதித்தது. அந்தச் சத்தத்தில் நிலையமே திரும்பிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. ஒவ்வோர் அடிக்கும் மூச்சைப் பிடித்து, மகளின் பெயரைச் சொல்லி அடித்தாள். பூட்டு உடையவில்லை, துருவேறிய கொண்டிதான் பெயர்ந்து விழுந்தது. கதவு திறந்ததும் எலிகள் காலுக்கிடையில் ஓடின. உள்ளே கூரை வரை சாக்கு மூட்டைகள், சோடாப் பெட்டிகள்.

பெண்கள் வந்தார்கள். கீரைக்காரி, முறுக்கு விற்பவள், பேருந்துக்குக் காத்திருந்த யார் யாரோ. மூட்டைகளை இழுத்து வெளியே போட்டோம். குழாயில் தண்ணீர் இல்லை. பத்மா அடிபம்பிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தாள். ஒரு பள்ளி ஆசிரியை, கஞ்சி போட்ட சேலையில், சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போய்விட்டது. பிறகு நேராக நடந்து வந்தார். கையிலிருந்த குடையையும் பையையும் என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் பிடிங்கம்மா" என்று உள்ளே போனார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை தானாக உண்டாயிற்று.

மோட்டார் சைக்கிள் வந்தது. இந்த முறை பின்னால் இன்னும் சில வண்டிகள். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை.

"யாரு ஒடைச்சது?"

"நாந்தான். இன்னான்ற இப்ப?" என்றாள் தேசம்மா. படிக்கல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அவர் கை ஓங்கினார். நான் எப்படி நடுவே போனேன் என்று தெரியவில்லை. ஆசிரியையின் குடை என் கையில் இருந்தது, அதை மார்போடு பிடித்திருந்தேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. வெளிநாட்டுக்காரி மேல் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பின்னாலிருந்தவர்களில் ஒருவன் பத்மாவின் தராசை உதைத்துத் தள்ளினான். சாத்துக்குடிகள் பேருந்துச் சக்கரங்களுக்கு அடியில் உருண்டன. அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

தேசம்மாவையும் என்னையும்தான் ஏற்றினார்கள்.

காவல் நிலையத்தில் என் பாஸ்போர்ட்டை இன்ஸ்பெக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கான்ட்ராக்டர் அவருக்கு எதிரே நாற்காலியில், நிலையத்து டீக்கடைக்காரர் அவர் பின்னால். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மூட்டைகள் சாட்சிக்காகக் கொண்டுவரப்பட்டு மூலையில் கிடந்தன.

"ஆராய்ச்சின்னு சொல்லி வந்து இங்க கக்கூஸ் பூட்ட ஒடைக்கிறீங்களா? நாளைக்கே ஃப்ளைட் ஏத்தி அனுப்பிருவேன், தெரியுமா? உங்களத் தங்க வெச்சவருக்கும் ஓலை போவும்."

மாமாவின் முகம் கண் முன்னால் வந்தது. "இவர் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கு? பொதுச் சொத்தச் சேதப்படுத்தினது, சரக்கை எடுத்து வெளில எறிஞ்சது. எழுதும்மா."

எழுத உட்கார்ந்தவர் அதே பெண் கான்ஸ்டபிள்தான். நேற்று ஊர்வலத்தில் எங்களுக்கு வழி விலக்கிக் கொடுத்தவர். சட்டையில் ஜெயக்கொடி என்று பெயர். எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"சார், சரக்கு யாருதுன்னு எழுதணும் சார்."

இன்ஸ்பெக்டர் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் டீக்கடைக்காரரைப் பார்த்தார். டீக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"அப்புறம் மூட்டைல ரேஷன் கடை முத்திரை இருக்கு சார்" என்றார் ஜெயக்கொடி, அதே குரலில். "அதையும் எழுதிக்கணுமா, சார்?"

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் ஒரு மூட்டையைக் காலால் புரட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் பார்வை எங்கள் மேல் இல்லை.

"சரக்கு யாருதுய்யா?"

"எனக்குத் தெரியாது சார்" என்றார் கான்ட்ராக்டர். "யாரோ வெச்சிட்டுப் போயிருப்பாங்க."

"அப்ப பூட்டு யாருது?"

கான்ட்ராக்டர் எழுந்து, புகார் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். போகும்போது தேசம்மாவை ஒரு பார்வை பார்த்தார். எங்களைச் சாயங்காலம் வரை நிற்கவைத்து, எச்சரித்து அனுப்பினார்கள்.

வாசலில் ஜெயக்கொடிக்கு நன்றி சொன்னேன்.

"உங்களுக்காக இல்லம்மா" என்றார். "நானும் அந்த பஸ் ஸ்டாண்டுலதான் டூட்டி பாக்குறேன்."

கௌரிக்கு அன்றே காய்ச்சல் விட்டது. பெண்கள் பக்கத்துக் கதவை யாரும் திரும்பப் பூட்டவில்லை. ஆனால் தேசம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் மறுநாள் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். பூ வைக்க முடியாது, நாறிவிடும். அடுத்த நாளும் அப்படியே. யாரிடம் போய்ச் சொல்வது என்று கொதித்தேன். தேசம்மா கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். "நா பூவ வேற எங்கியாவது விப்பேன். கதவு தொறந்துகீதுல்ல, அது போதும்" என்று பேருந்தில் ஏறிவிட்டாள். அவள் அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் ஊர் திரும்பும்போது கௌரி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள்.

துரைசாமி மாமா விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினார். அவரை அலுவலகத்தில் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார்களாம். அதோடு விட்டார்கள். அக்காதான் எனக்கு அதைப் பிறகு எழுதினார்.

கோலாலம்பூரில் என் அறிக்கையை வாசித்தபோது, அறையின் பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. "உன்னைப் பேருந்துகளைப் பார்க்க அனுப்பினோம்" என்றார் பேராசிரியர். பேருந்தில் ஏறுவதற்கு முன் ஒரு பெண் எத்தனை நேரம் எதை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்பதும் போக்குவரத்துதான் என்றேன். சிரிப்பு நிற்கவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் வேறு எதையும் படிக்கவில்லை. சந்தைகள், துறைமுக வாசல்கள், பூங்காக்கள், விளக்கில்லாத தெருக்கள். பெண்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்பதில்லை. முதுகுக்குப் பின்னால் என்னைக் கக்கூஸ் டாக்டர் என்றார்கள். காதில் விழும்போது வலிக்கத்தான் செய்தது. மெல்ல மெல்லப் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட ஆரம்பித்தன.

தொண்ணூறுகளின் நடுவில் மெட்ராஸில் ஒரு மாநாடு. அதற்கு முந்தின நாள் அந்தப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். கட்டடத்துக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் வரிசை நின்றது. யாரும் யாரையும் காவலுக்கு அழைத்துக்கொண்டு சாலையைக் கடக்கவில்லை. பத்மா என்னை அடையாளம் கண்டு ஒரு சாத்துக்குடியைக் கையில் திணித்தாள். தேசம்மா மாங்காட்டில் கோயில் தெருவில் பூ விற்பதாகச் சொன்னாள்.

போனேன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அடிப்பாவி, மலேசியாக்காரம்மா!" என்று தெருவே திரும்பும்படி கத்தினாள். வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கௌரியின் மகள், ஒரு சிறுமி, ஓடிவந்து அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மாதம் நிறைந்துதான் பிறந்ததாம். பள்ளிக்கூடம் போகிறது. கௌரி அம்பத்தூரில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள்.

சாயங்காலம் கௌரி வந்தாள். அன்று முனகிக்கொண்டே பேசியவளா என்று திகைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் உள்ளே வந்துவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. எங்க கம்பெனில மெஷினு வரிசை வரிசையா போட்டுருக்கும், லைனுன்னு சொல்லுவோம். ஒரு லைனு பூராவுக்கும் பாத்ரூம் போவ ஒரே ஒரு டோக்கன். ஒருத்தி போய்ட்டு வந்தாத்தான் இன்னொருத்தி. சூப்பர்வைசரு டைம் பாக்குறான். லேட்டானா எல்லார் முன்னாடியும் கேவலமா பேசுறான். போன வாரம் ஒரு பொண்ணு மெஷின்லியே…" மகள் பக்கம் பார்த்துப் பேச்சை மாற்றினாள். "நாளைக்கு நாங்க யாரும் உள்ள போவப் போறதில்ல. கேட்டாண்டயே நிக்கப்போறோம். நிறைய பேரு வர்றேன்னு சொல்லிகிறாங்க. வருவாங்களான்னு தெரியல."

"வேலை போய்விட்டால்?"

"போவும்" என்றாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தேசம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் காலை மாநாட்டில் என் முறை முதலாவது. கௌரி என்னைக் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று நான்தான் சொன்னேன். தேசம்மாவும் பூக்கூடையைத் தயக்கத்தோடு பார்த்துவிட்டு, அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

நாங்கள் போனபோது கேட்டின் முன்னால் நாலைந்து பெண்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள். கௌரி சாலைக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பேருந்து வந்தது. பெண்கள் இறங்கினார்கள். கும்பலாக நடந்து வந்தவர்கள் கேட்டைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். முதலில் வந்தவள் தயங்கினாள். பிறகு எங்கள் பக்கம் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இன்னொரு பேருந்து. கொஞ்ச நேரத்தில் சாலையின் பாதி எங்களால் நிறைந்துவிட்டது. யாரும் தலையைக் குனியவில்லை.

காவலாளி வெளியே வந்தான். மேலே ஜன்னலிலிருந்து யாரோ அவனை விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சுட்டிக்காட்டி, எந்த லைன், எந்த லைன் என்று மிரட்டலாகக் கேட்டுக்கொண்டே வந்தான். என் முன்னால் வந்து நின்றான். என் சேலையையும் மூக்குக் கண்ணாடியையும் மேலும் கீழும் பார்த்தான்.

"நீ எந்த லைனு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கௌரி என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள்.

"எங்க லைனுதான்" என்றாள்.